ஓவரால் அஞ்சரை வந்தும் பத்தலை

[இரவு 8:12]

கார்த்தி: ரிசல்ட் வந்துடுச்சு. ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் தேர்வுல ஓவரால் 5.5 😀

அம்மா: அப்பாடா. இப்பதான் எனக்கு மூச்சே வருது

சுந்தரம் சித்தப்பா: சபாஷ்டா! ஆஸ்திரேலியாக்காரன் கேட்டது அஞ்சு. நீ அரை கூடவே போட்டுட்ட

ரவி அத்தான்: தனித்தனி மார்க் என்ன கார்த்தி?

கார்த்தி: லிசனிங் 6, ரீடிங் 5.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 4.5

ரவி அத்தான்: ரைட்டிங் நாலரையா

கார்த்தி: ஆமா. ஏன் அத்தான்

ரவி அத்தான்: பத்தாதுடா. நீ போடப்போற 482 வேலை விசாவுக்கு ஓவரால் அஞ்சு இருந்தா மட்டும் போதாது, நாலு பகுதியிலயும் தனித்தனியா அஞ்சு வேணும்

அம்மா: ஐயோ

கார்த்தி: விசா ஏஜென்ட் அப்படிச் சொல்லலையே. ஒவ்வொண்ணுலயும் நாலரை வந்தா போதும், ஓவரால் அஞ்சு இருந்தா முடிஞ்சதுன்னார்

ரவி அத்தான்: அது பழைய கதை. 2018 மார்ச்சுல 457 விசாவை எடுத்துட்டு 482 கொண்டு வந்தாங்கல்ல, அப்ப அதுல குறுகிய காலப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. நாலரைக் கணக்கு அந்தப் பிரிவுக்குத்தான். 2024 டிசம்பர் 7-ல இருந்து அந்தப் பிரிவே கிடையாது. இப்ப எல்லாருக்கும் ஒவ்வொண்ணுலயும் அஞ்சு

ரவி அத்தான்: இன்னொண்ணு சொல்றேன். உன் டீசல் மெக்கானிக் வேலை அப்பவே நடுத்தர காலப் பிரிவுலதான் இருந்துச்சு. அங்க அப்பவும் அஞ்சுதான். உன் ஏஜென்ட் பழைய தாளைப் படிச்சாரு, அதுலயும் தப்பான பக்கத்தைப் படிச்சிருக்காரு

தேன்மொழி அக்கா: 🤦‍♀️

சுந்தரம் சித்தப்பா: எனக்கு ஒண்ணு புரியல. நட்டு கழட்டுறவனுக்குக் கட்டுரை எதுக்குய்யா? இஞ்சின் என்ன இங்கிலீஷ்லயா பேசுது?

ரவி அத்தான்: நானும் அப்படித்தான் கேட்டேன் சித்தப்பா, இங்க ஆஸ்திரேலியாவுக்கு வர்ற வரைக்கும். ஷிஃப்ட் முடியுறப்ப ஒவ்வொரு வண்டிக்கும் என்ன பார்த்தோம், எதை மாத்தினோம், எதை விட்டுட்டோம்னு நாலு வரி எழுதி வைக்கணும். அடுத்த ஷிஃப்ட்காரன் அதை நம்பித்தான் வண்டிக்கு அடியில படுப்பான். ‘பிரேக் பிளீட் பண்ணல’ங்கறதுல ‘ல’ விட்டுப்போனா என்ன ஆகும்?

சுந்தரம் சித்தப்பா: சரி, அது நியாயம். ஆனா இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து பாஸ்போர்ட் இருந்தா தேர்வே வேணாமாமே. அங்க ரெண்டு வரி உருப்படியா எழுதத் தெரியாதவன் ஒருத்தன்கூடவா இல்ல?

ரவி அத்தான்: இருக்கான். எங்க ஒர்க்‌ஷாப்ல எனக்குப் பக்கத்துலயே ஒருத்தன் இருக்கான் 😄 விதி அப்படித்தான்

தேன்மொழி அக்கா: பாஸ்போர்ட் தவிர இன்னொரு விலக்கும் இருக்கு. ஹைஸ்கூல், காலேஜ் சேர்த்து அஞ்சு வருஷம் முழுநேரமா இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருந்தா 482-க்கு மார்க் கேக்க மாட்டாங்க. கார்த்தி, நீ?

கார்த்தி: பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். டிப்ளமோ மூணு வருஷம்தான் இங்கிலீஷ்

தேன்மொழி அக்கா: ரெண்டு வருஷம் குறையுது

அம்மா: நான்தான் தமிழ்லயே படிக்கட்டும்னு சொன்னேன்

கார்த்தி: அம்மா, அதை விடுங்க

சுந்தரம் சித்தப்பா: வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல எழுதுற தேர்வு ஏதோ இருக்காமே. அதைச் சட்டுனு எழுதிடேன்

தேன்மொழி அக்கா: விசாவுக்கு அதை ஏத்துக்க மாட்டாங்க சித்தப்பா. தேர்வு மையத்துக்குப் போய்த்தான் எழுதணும். ஐயெல்ட்ஸ் வேணாம்னா பி.டி.இ மாதிரி வேற இங்கிலீஷ் தேர்வு இருக்கு. இவனுக்கு மூணு பகுதி நல்லா வந்திருக்கறப்ப எதுக்கு மாத்தணும்?

கார்த்தி: மறுமதிப்பீடு கேட்டா?

தேன்மொழி அக்கா: கேக்கலாம். மார்க் ஏறினா கட்டின பணம் திரும்பி வரும். அதுக்கு முன்னாடி நிஜத்தைச் சொல்லு. ரைட்டிங்ல என்ன நடந்துச்சு?

[இரவு 8:41]

கார்த்தி: சொல்றேன், திட்டக் கூடாது. நான் எழுதினது ஐயெல்ட்ஸ்ல ஜெனரல் டிரெயினிங்கிற வகை, அதுல ரைட்டிங்குக்கு ரெண்டு கேள்வி. முதல்ல லெட்டர், 150 வார்த்தை. மேனேஜருக்கு எழுதற மாதிரி வந்துச்சு. குஷியாயிட்டேன். நல்லா இழைச்சு இழைச்சு எழுதிட்டு நிமிர்ந்தா 38 நிமிஷம் ஓடிடுச்சு

தேன்மொழி அக்கா: மொத்தமே 60 நிமிஷம்டா!

கார்த்தி: மீதி 22 நிமிஷத்துல கட்டுரை. 250 வார்த்தை கேட்டாங்க. நான் எழுதினது 170 இருக்கும். கடைசி வாக்கியம் பாதியில நிக்குது

தேன்மொழி அக்கா: அப்ப மறுமதிப்பீட்டை மறந்துடு. கட்டுரைக்கு லெட்டரை விட ரெண்டு மடங்கு வெயிட். நீ பெரிய சக்கரத்தை விட்டுட்டு ஸ்டெப்னிக்கு பாலிஷ் போட்டிருக்க

ரவி அத்தான்: 😂😂 மெக்கானிக்குக்கு மெக்கானிக் பாஷையிலேயே

கார்த்தி: ஸ்பீக்கிங் மட்டும் சூப்பரா போச்சு அத்தான். ‘நீங்க சரி பண்ணின ஒரு பொருளைப் பத்திப் பேசுங்க’ன்னு கார்டு. ஒரு நிமிஷம் யோசிக்கக் கொடுத்தாங்க. இன்ஜெக்டர் கழட்டுனதைச் சொல்ல ஆரம்பிச்சேன், ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு தேர்வு எடுத்த அம்மாவே நிறுத்தினாங்க

ரவி அத்தான்: அதான்டா. உனக்கு இங்கிலீஷ் வராம இல்ல. கடிகாரம்தான் பார்க்க வரல

தேன்மொழி அக்கா: என் கதையைக் கேளு. எனக்கும் விசாவுக்கு இங்கிலீஷ் மீடியம் சர்டிஃபிகேட் போதும். ஆனா அங்க நர்ஸா பதிவு பண்ண ஐயெல்ட்ஸ்ல ஏழு கேக்கறாங்க, ரைட்டிங்ல மட்டும் ஆறரை. விசா ஒரு கதவு, பதிவு இன்னொரு கதவு, சாவி வேற வேற. முதல் ஏஜென்ட் இதை வாயே திறக்கல

ரவி அத்தான்: கார்த்தி, நீயும் அஞ்சோட நிக்காதே, ஆறுக்குக் குறி வை. 482 அதிகபட்சம் நாலு வருஷம். ஸ்பான்சர்கிட்ட, அதாவது விசாவுக்குப் பொறுப்பேத்துக்கற முதலாளிகிட்ட, ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு நிரந்தரமா தங்க 186 விசா போடறப்ப ஒவ்வொண்ணுலயும் ஆறு கேப்பாங்க

ரவி அத்தான்: எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் பே ஸ்லிப்பைப் படிக்கத் தெரியாம ஒன்றரை வருஷம் ஓவர்டைம் காசை விட்டான். முதலாளி சொன்னதுதான் கணக்கு. வேலை போனா வேற ஸ்பான்சர் தேட ஒரு தடவைக்கு 180 நாள் டைம் இருக்கு, 2024 ஜூலைக்கு முன்னாடி 60 நாள்தான். ஆனா போன்ல ரெண்டு நிமிஷம் பேசி வேலை கேக்கத் தெரியலைன்னா 180 நாள் இருந்து என்ன பண்ண? பயந்துக்கிட்டு அதே இடத்துலதான் கிடக்கணும்

அம்மா: போதும் ரவி, பயமுறுத்தாதப்பா

சுந்தரம் சித்தப்பா: ஏஜென்ட்கிட்ட நான் பேசவா? காசைத் திருப்பிக் கொடுன்னு?

கார்த்தி: வேணாம் சித்தப்பா. பேப்பரை மட்டும் வாங்கிக்கறேன். இனிமே ஆஸ்திரேலிய உள்துறை வெப்சைட்டை நானே படிக்கறேன். அதுவும் ரீடிங் பிராக்டிஸ்தானே

தேன்மொழி அக்கா: இப்பவே ஒரு கட்டுரை எழுது. தலைப்பு: வேலைக்காக நாடு விட்டு நாடு போறது நல்லதா கெட்டதா. 40 நிமிஷம். போனைக் கவுத்து வை

கார்த்தி: இப்பவேவா?

தேன்மொழி அக்கா: 8:58 ஆச்சு

[இரவு 9:44]

கார்த்தி: 📷 போட்டோ

கார்த்தி: 256 வார்த்தை. எண்ணிட்டேன்

தேன்மொழி அக்கா: நேரம்?

கார்த்தி: 46

தேன்மொழி அக்கா: ஆறு நிமிஷம் கூட. நாளைக்கு இதே நேரம் திரும்ப

சுந்தரம் சித்தப்பா: (ஃபார்வேர்ட் செய்யப்பட்டது) ஆங்கிலம் தேவையில்லை!! தேர்வு இல்லை!! 15 நாளில் ஆஸ்திரேலியா விசா!! உடனே அழைக்கவும்

ரவி அத்தான்: சித்தப்பா, டிலீட் ஃபார் எவ்ரிஒன்