ஒன்பது நாள் வாத்துக் குஞ்சு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது, தீனியில் குறையா?

வாடிப்பட்டியிலிருந்து கேட்டவர்:
நாட்டுக்கோழியை அடை வைத்து ஆறு வாத்து முட்டை பொரிக்க விட்டேன். 21ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. கூமுட்டை, தூக்கிப் போடு என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. பிடிவாதமாக விட்டுவைத்தேன், 28ஆம் நாள் நாலு குஞ்சு பொரிந்தது. கோழி அவற்றைக் கொத்தியதால் அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்து, பல்பு போட்டுத் தனியாக வளர்க்கிறேன். தீனி, கடையில் வாங்கிய கோழிக்குஞ்சு ஸ்டார்டரும் குருணைச் சோறும்.

நேற்றிலிருந்து இரண்டு குஞ்சு நாலு எட்டு வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது. ஒன்றுக்குக் கால் மூட்டு வீங்கின மாதிரி இருக்கிறது. தீனித் தட்டைப் பார்த்தால் படுத்தபடியே சிறகை அடித்துக்கொண்டு நகர்ந்து வருகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. விழுங்கும்போதும் விக்குகிறது. யாராவது சொல்லுங்களேன்.

சோழவந்தான், வாத்து வளர்ப்பவர்:
முதலில் அந்தப் பேப்பரை எடுங்கம்மா. வழுக்கி வழுக்கியே கால் விரிந்துபோகும். பழைய சாக்கு விரியுங்கள்.

ஆனால் மூட்டு வீக்கம் என்றால் என் சந்தேகம் நயாசின் மேல்தான். பி3 வைட்டமின். பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீனிக்கு 35 மில்லிகிராம் போதும், வாத்துக் குஞ்சுக்கு 55 வேண்டும். கோழி தன் உடம்பிலேயே புரதத்திலிருந்து இதைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளும், வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால் கோழித் தீனியில் வாத்துக் குஞ்சு கொழுகொழுவென்று வளரும், கால் மட்டும் தாங்காது. நீங்கள் அதோடு சோற்றையும் கலக்கிறீர்கள். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் 22 சதவீதம் புரதம் உள்ள தீனி வேண்டும், சோற்றை நிறுத்துங்கள்.

மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் கேளுங்கள். அட்டையில் நயாசினமைடு 100 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். அதில் ஒன்றை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்து, குடிக்க அதை மட்டும் வையுங்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். தண்ணீர் மஞ்சளாக மாறும், பயப்படாதீர்கள்.

விக்குவது வறண்ட தீனியால். வாத்து ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர் என்று தின்கிற ஜீவன். தீனியைக் கொழகொழவென்று பிசைந்து வையுங்கள். தண்ணீர் மூக்குத்துளை முங்குகிற ஆழம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் தீனி அடைத்துக்கொள்ளும். குஞ்சு உள்ளே இறங்கிவிடாதபடி தட்டில் கூழாங்கல் போடுங்கள்.

மேலூரிலிருந்து:
எங்கள் அப்பத்தா காலத்தில் மாத்திரையா இருந்தது? கருவாட்டை இடித்துப் போடு, கடலைப் புண்ணாக்கு ஊறப்போடு, எழுந்து ஓடும்.

சோழவந்தான்:
அக்கா, கோபிக்காதீர்கள். அப்பத்தா காலத்து வாத்து வயலில் நத்தையும் புழுவும் தின்றது, அதிலேயே எல்லாம் கிடைத்தது. இது பெட்டிக்குள் கிடக்கிற குஞ்சு. கருவாட்டு உப்பு இந்த வயதுக்கு விஷம். உப்புப் போடாத மீனை அவித்து, முள் எடுத்துக் கொடுத்தால் நல்லதுதான். புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். பூசணம் பிடித்த கடலையில் வரும் அஃப்லாடாக்சின் நஞ்சுக்கு வாத்துக் குஞ்சு அளவுக்குச் சீக்கிரம் சாகிற பறவை அபூர்வம். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்ததும் கடலைப் புண்ணாக்கால்தான், வாத்துக் குஞ்சுகளும் போயின. நான் ஒரு மழைக்காலத்தில் 30 குஞ்சை இப்படி இழந்தவன். புண்ணாக்கு மூட்டையில் லேசாகப் பூசண வாடை வந்தது, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலூரிலிருந்து:
சரிப்பா, கருவாட்டை நானே தின்றுகொள்கிறேன். பச்சைப் பட்டாணி அவித்து மசித்துக் கொடுக்கலாமில்லையா?

சோழவந்தான்:
தாராளமாக. அதிலும் நயாசின் உண்டு. கீரையும் பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள்.

வாடிப்பட்டி, ஐந்து நாள் கழித்து:
இரண்டில் ஒன்று மூன்றாம் நாளே எழுந்துவிட்டது. இப்போது மற்றவற்றை மிதித்துக்கொண்டு தட்டுக்கு ஓடுகிறது. மூட்டு வீங்கிய குஞ்சும் எழுந்து நிற்கிறது, ஆனால் கால் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். மாத்திரைத் தண்ணீரைத் தொடரச் சொன்னார்கள், வளைவு முழுதாக நிமிர்வது சந்தேகம்தானாம். மகள் அதற்கு நொண்டிச்சாமி என்று பேர் வைத்துவிட்டாள். வாசல் தொட்டியில் நீந்த விடலாமா?

சோழவந்தான்:
இப்போது வேண்டாம். தாய் வாத்து கூட இருந்தால் அதன் இறகு எண்ணெய் குஞ்சு மேலும் ஒட்டும். உங்களதுக்கு அது இல்லை, நனைந்தால் விறைத்துப்போகும். இறகு முளைக்கட்டும். நொண்டிச்சாமியை மட்டும் வெயில் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில், கையால் தாங்கியபடி ஐந்து நிமிடம் மிதக்கவிடுங்கள், பாரமில்லாமல் காலை அசைக்கும். வெளியே எடுத்ததும் நன்றாகத் துடைத்து, பல்பு கீழே விடுங்கள்.