நம் குழுவுக்கு ஒரு கேள்வி: உங்கள் பாலிமர் களிமண் (வீட்டு அடுப்பில் சுட்டு இறுக்கும் பிளாஸ்டிக் களிமண்) வேலையைப் பார்த்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறதா?

செந்தூல் கைவினைக்காரி:

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூடாரத்தின் கீழ் அரை மேசை வாடகைக்கு எடுத்திருந்தேன். மற்ற பாதியில் முறுக்கு விற்றார்கள். என் பெருமையெல்லாம் சிக்குக் கோலப் பதக்கங்கள்தான். ஆறு புள்ளி, ஆறு வரிசை, கறுப்பில் வெள்ளைக் கம்பி, கோலக் கோட்டைத்தான் சொல்கிறேன். கேன் முறையில் செய்தவை, அதாவது எங்கே நறுக்கினாலும் அதே கோலம் தெரியும்படி கட்டிய களிமண் கட்டை. கால் பாகத்தை மட்டும் எட்டு சென்டிமீட்டர் சதுரக் கட்டையாகக் கட்டி, நாலு பக்கமும் அமுக்கி இழுத்து இரண்டு சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, நான்காக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் முழுக் கோலம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடமும் வலமும் அச்சாகப் பொருந்தும். இங்கே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி வந்தார். விலை கேட்கவில்லை. பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தை ஒரு புள்ளியின் அருகே ஊன்றினார். கம்பி போன வழியே நகமும் போயிற்று. வளைந்தது, சுற்றியது, மேலே ஏறித் திரும்பியது. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பதக்கத்தில் பாதிக் கம்பியை நகம் தொடவே இல்லை.

"இது ரெண்டு கம்பி, அம்மா" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. மீதிச் சில்லறையில் பத்து காசு குறைகிறது என்று சொல்வது போன்ற குரல். பதக்கத்தை நான் வைத்திருந்த அதே சாய்வில் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்தில் முறுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பதினொரு பதக்கம் விற்றது. வாங்கிய ஒருவர்கூட நகத்தை வைத்துப் பார்க்கவில்லை. ஒரே கம்பியாக ஓடவேண்டிய கோலம். வீட்டுக்கு வந்து நான் பார்த்தேன். இரண்டு கம்பிதான்.

லெபோ பாசார் மகள்:

நகம் என்றதும் எனக்கு என் நகம் நினைவுக்கு வந்தது. அதில் ஒட்டியிருந்த களிமண்ணும்.

பினாங்கு ஜார்ஜ்டவுன். தெருப் பெயர் வேண்டாம், அந்த வீட்டுக்காரருக்குச் சங்கடம். ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சுவரில், சன்னலுக்குக் கீழே, மேலெழும்பிய ரோஜாப்பூ டைல்கள் உண்டல்லவா? ஞோன்யா டைல் என்று நாம் எல்லோரும் காதணி செய்து விற்பது. படம் பார்த்துச் செய்து அலுத்துவிட்டது. நேரே போய் அச்சு எடுத்துவிடலாம் என்று, மிச்சக் களிமண்ணை உருண்டை பிடித்துக்கொண்டு போனேன். காலை ஏழு மணி, தெருவில் யாரும் இல்லை. டைலின்மேல் வைத்து அமுக்கி, நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன், கதவு திறந்தது.

சீனப் பெரியவர், கையில் காலை நாளிதழ். டைலில் களிமண் விட்ட பிசுக்கைத்தான் முதலில் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியோடு வந்து என்னிடம் நீட்டினார். முழங்காலிட்டுத் துடைத்தேன். துடைத்து முடியும்வரை நின்றார். பிறகு மலாயில் சொன்னார்: இந்த டைல் ஜப்பானிலிருந்து வந்தது, ஜப்பான்காரன் வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்தான், இப்போது நீ ஜப்பான்காரனைப் பார்த்துச் செய்கிறாய், உன்னைப் பார்த்து யார் செய்யப்போகிறார்கள்?

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு தேடிப் படித்தேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் இங்கிலாந்தின் மஜோலிகா என்னும் பளபளப்பான வண்ண டைல்களைப் பார்த்துத்தான் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த அச்சு இன்னும் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. அதில் ஒரு பூகூட எடுக்கவில்லை.

சுங்கைவே அத்தை:

நீங்கள் இருவரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என்னுடையது ஊறுகாய்.

2018-இல் பத்துமலைப் படிகளுக்கு வண்ணம் பூசியதிலிருந்து இங்கே பாதிப் பேர் அந்த 272 படிகளையும் வானவில் போலச் செய்து சாவிக்கொத்தில் தொங்கவிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் எண்ணிக்கையில் ஏமாற்ற மனம் வரவில்லை. அதனால் வாழை இலைச் சாப்பாட்டில் இறங்கினேன். ஐந்து சென்டிமீட்டர் இலை. சோற்றை ஒவ்வொரு பருக்கையாக உருட்டினேன். வெறும் வெள்ளையில் செய்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், பாதிக்குப் பாதி ஒளி ஊடுருவும் களிமண் கலந்தால்தான் வெந்த சோறு. அப்பளத்தின் கொப்புளத்துக்குப் பழைய பல் துலக்கி. ஓரம் பழுக்கப் பழுப்புச் சாக்பீஸ் பொடி. நான்கு நாள் வேலை.

ஒரு பையன், கல்லூரியில் படிப்பவன் போல் இருந்தான். ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தான். "ஆண்ட்டி, ஊறுகாய் எங்கே?" என்றான்.

இலையில் ஊறுகாய் இல்லை. நாற்பது வருடமாகப் பந்தி பரிமாறியவள் நான்!

இப்போது திரவக் களிமண்ணில் சிவப்புச் சாக்பீஸைச் சுரண்டிப் போட்டு, கடுகு அளவு மாங்காய்த் துண்டு இரண்டு சேர்த்து, இலையின் மேல் ஓரத்தில் ஒரு துளி வைக்கிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

கணக்கு வாத்தியார், பட்டர்வொர்த்:

என் கதை சிறியது. பேத்திக்காக ஒரு கோலப் பதக்கம் செய்தேன், அவள் அதைப் பூனையின் கழுத்தில் கட்டிவிட்டாள். நிற்க.

செந்தூல் தங்கையின் பிழை களிமண்ணில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கோலத்தில் இரண்டு வகைப் பொருத்தம் உண்டு. ஒன்று கண்ணாடிப் பொருத்தம். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் திரும்பி நிற்கும். பூக்கோலம் பெரும்பாலும் அப்படி. இன்னொன்று சுழற்சிப் பொருத்தம். கால் வட்டம் திருப்பினால் அதே கோலம் வரும், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் வேறு கோலம். ஒரே கம்பியில் ஓடும் சிக்குக் கோலங்களில் பல இரண்டாம் வகை. அதன் காலை வெட்டிக் கண்ணாடிபோல் ஒட்டினால், கோடுகள் ஓரத்தில் சந்திக்கத்தான் செய்யும், அறுபடாது. ஆனால் தாண்டிப் போகவேண்டிய கம்பி ஓரத்தில் மோதித் திரும்பிவிடும். கம்பி அங்கங்கே மூடிக்கொண்டு இரண்டாகும், நான்காகும். பாட்டியின் நகம் கண்டுபிடித்தது அதைத்தான்.

செய்யவேண்டியது என்னவென்றால், நான்கு துண்டுகளையும் தலைகீழாக்காமல், ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பி ஒட்டவேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு துண்டின் மேல் ஓரத்தில் கம்பி முழுக் கோலத்தின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெளியேறுகிறதோ, பக்க ஓரத்திலும் அதே தூரத்தில் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் கம்பிக்கு எதிரே வெறும் கறுப்புதான் இருக்கும். கண்ணாடி முறையில் இந்தக் கவலை கிடையாது, அதனால்தான் எல்லோரும் அந்த முறையிலேயே விழுகிறார்கள். முதலில் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். பென்சிலை எடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு களிமண்ணைத் தொடுங்கள். சுடுவதற்கு 150 டிகிரியில் அரை மணி போதும். அடுப்பின் முள் காட்டுவதை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். கேனை வெட்டுவதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்தால் கோடு நசுங்காது.

பழைய கிள்ளான் சாலை:

வாத்தியார் ஐயா, கணக்கை நீங்கள் பாருங்கள், அடுப்பை எங்களிடம் விடுங்கள். களிமண் நிறுவனத்துக்கு நிறுவனம் சூடு மாறும். 150 டிகிரி கேட்டோவுக்குச் சரி. ஃபீமோவுக்கு 110, ஸ்கல்பிக்கு 130. யாராவது இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் 150-இல் வைத்தால் வெள்ளைக் கம்பி தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். இன்னும் ஏறிக் கருகினால் வரும் புகை விளையாட்டில்லை. இந்தக் களிமண்ணின் அடிப்படையே பி.வி.சி. பிளாஸ்டிக், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு. பொட்டலத்தின் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம்.

வெப்பத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குச் சேலை எடுக்கப் போனவள், புதிதாக வாங்கிய ஆறு பொட்டலங்களைக் காரிலேயே விட்டேன். உச்சி வெயில், மூன்று மணி நேரம். வந்து பார்த்தால் பிசைய வரவில்லை, பழைய பொட்டுக்கடலை உருண்டை மாதிரி உதிர்கிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன், சண்டை போடத்தான். கல்லாவில் இருந்த பெண் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டொக்கென்றது. "அக்கா, இது வெந்துகொண்டிருக்கிறது" என்றாள். பாதி வெந்தது என்றுகூடச் சொல்லவில்லை, வெந்துகொண்டிருக்கிறதாம்!

அப்புறம் அந்தப் பாட்டி. ஒரு கம்பியோ ரெண்டு கம்பியோ, காதில் கழுத்தில் போட்டால் யாருக்குத் தெரியும்? பதினொன்று விற்றதே. எதற்கு இந்த உறுத்தல்?

சுங்கைவே அத்தை:

ஊறுகாய் யாருக்குத் தெரியும் என்று நானும் இருந்திருக்கலாம்.

இடியாப்பம், ஆயர் ஈத்தாம்:

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி. ஒரே கம்பிதானே வேண்டும்? ஒரே கம்பியாகப் பிழிந்துவிட்டால் என்ன?

(முறுக்கு உரலில் பிழிந்தால் அந்த உரலில் பிறகு முறுக்குப் பிழியாதீர்கள். என் வீட்டில் இதனால் பெரிய சண்டை.)

செந்தூல் கைவினைக்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

முதலில் வாத்தியார் ஐயா சொன்னபடி செய்தேன். தாளில் வரைந்து, நானே நகத்தை ஓட்டினேன். ஒரே கம்பி! கேன் கட்டி இழுத்தேன், திருப்பி ஒட்டினேன். கணக்கு பொருந்தியது, களிமண் பொருந்தவில்லை. என் வெள்ளை கறுப்பைவிட இளக்கம். இழுக்க இழுக்க வெள்ளை முந்திக்கொண்டு ஓடி, ஒரு மூலையில் கம்பி மலைப்பாம்பாகவும் எதிர் மூலையில் மயிராகவும் ஆகிவிட்டது. வெள்ளைத் தகடுகளைத் தாளுக்கு நடுவே ஓர் இரவு வைத்து எண்ணெயை இழுக்கவிட்டிருக்கவேண்டும். தெரியும், சோம்பல்.

பிறகு இடியாப்பம் அக்காவின் கேள்வி இரண்டு நாள் மண்டையில் உட்கார்ந்திருந்தது. அம்மா வாசலில் கோலம் போடும்போது கால் பாகம் போட்டு நகல் எடுப்பதில்லை. மாவு விரலிடுக்கில் இறங்குகிறது, கை போகிறது, அவ்வளவுதான். நான்தான் அதைக் கட்டையாக்கி வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

களிமண் பிழியும் குழலில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுப் பிழிந்தேன். கறுப்புத் தகட்டின்மேல் புள்ளிகளை ஊசியால் குத்திவைத்துக்கொண்டு, நூலை ஒரு மூலையிலிருந்து விட ஆரம்பித்தேன். முதல் தடவை இரண்டாம் வளைவில் அறுந்தது. மூன்றாம் தடவை, களிமண்ணை இன்னும் கொஞ்சம் பிசைந்து சூடாக்கிய பிறகு, முழுவதும் போயிற்று. இரு முனைகளும் ஒரு புள்ளியின் பின்னால் சந்தித்தன. இப்போது கம்பி மேடாக நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டலாம்.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். கம்பி தன்னையே குறுக்கே தாண்டும் இடத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே வந்தாகவேண்டும். மாவுக் கோலத்தில் அந்தக் கேள்வியே இல்லை, மாவின்மேல் மாவு. இதில் நான் பார்க்காமல் விட்டுவிட்டதால், ஓர் இடத்தில் அடுத்தடுத்து மூன்று தடவை மேலேயே போயிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கம்பி தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கணக்கு வாத்தியார், பட்டர்வொர்த்:

ஒரே மூடிய கம்பியாக இருந்தால் ஒரு முறை மேல், ஒரு முறை கீழ் என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள். கடைசிக் குறுக்கு வரை பிசகாமல் வரும். எந்தக் கோலமானாலும் வரும். நிரூபணம் வேண்டுமானால் எழுதுகிறேன், ஒன்றரைப் பக்கம்.

லெபோ பாசார் மகள்:

நிரூபணம் வேண்டாம் ஐயா. செந்தூல், ஏற்கெனவே போட்ட கம்பிக்குக் கீழே புதுக் கம்பியை எப்படி நுழைப்பது?

செந்தூல் கைவினைக்காரி:

பூ தொடுக்கும் ஊசியின் காதுப் பக்கத்தால் பழைய கம்பியை இலேசாகத் தூக்கிப்பிடித்து நுழைக்கிறேன். அறுபது குறுக்கு இருக்கிறது. நேற்றிரவு நாற்பத்தொன்றில் அறுந்துவிட்டது.