அண்ணனுக்கு ஈரலில் தழும்பு என்கிறார்கள், சரியாகுமா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அண்ணனுக்கு 44 வயது. முன்பெல்லாம் நடவு, அறுப்பு நாளில் ஒரு குவார்ட்டர். இப்போது வேலை இல்லாத நாளிலும் தினமும் உண்டு. வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார்கள். மஞ்சள்காமாலை இல்லை, உரமூட்டை தூக்குகிறார். "கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போச்சு" என்கிறார். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். குடி எப்படித் தழும்பாகிறது?

மன்னை நர்ஸ்:
தம்பி, நான் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூட்டை தூக்குகிறார் என்பதை நம்பாதீர்கள். பாதி கெட்டாலும் ஈரல் வெளியே காட்டிக்கொள்ளாது. வயிறு வீங்கி வந்து படுத்தவர்களில் எத்தனையோ பேர், "போன மாசம்கூட நல்லாத்தானே இருந்தேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி; அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். ஈரல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது செல்களைக் கொல்லும் நஞ்சு. முதலில் கொழுப்பு படியும், அப்புறம் அழற்சி. செத்த இடத்தைச் சரிசெய்ய உடம்பு நாரை நெய்து வைக்கும்; தினமும் அடி விழுந்தால் நார் மேல் நார் ஏறி ஈரல் இறுகிவிடும். குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் தேங்கும். வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாயில் உள்ள ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பதும் அதனால்தான்.

திருவையாறு குமார்:
அக்கா, பீர் மட்டும் என்றால் பரவாயில்லையா?

மன்னை நர்ஸ்:
இல்லை. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி என்றால் 40 கிராம் ஆல்கஹால். ஈரலுக்கு பாட்டில் வித்தியாசம் கிடையாது.

கடைமடை மகள்:
என் அப்பாவுக்கும் இதே நிலைமைதான். குடியை முழுசாக விட்டார். ஒரு வருடம் கழித்து எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் ஈரலின் இறுக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள்.

மன்னை நர்ஸ்:
ஆமாம், ஆரம்பத் தழும்பு குறையும். முற்றியது பெரும்பாலும் மாறாது, ஆனாலும் குடியை விட்டவர்தான் அதிக நாள் வாழ்கிறார். கீழாநெல்லியும் குடித்து குவார்ட்டரும் போட்டால் எதுவும் நிற்காது.

ஒன்று முக்கியம் தம்பி: தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். வலி மாத்திரை எதையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ரத்த வாந்தி, கறுப்பாக மலம், பேச்சில் குழப்பம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சரி அக்கா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை தஞ்சாவூர் போகிறோம்.