செம்-இன்னா-வெர்க்: ‘சிலேடை’ போதாது, ‘மெழுகுபொன்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

எத்தியோப்பிய இலக்கியம் பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘செம்-இன்னா-வெர்க்’ என்ற இந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அம்ஹாரி மொழியில் செம் என்றால் மெழுகு, வெர்க் என்றால் பொன், நடுவில் இருப்பது ‘உம்’. தேவாலயப் பள்ளிகளில், பழைய வழிபாட்டு மொழியான கீயெஸில் கற்பிக்கப்படும் ‘கினே’ கவிதைக்கு இதுதான் உயிர். மேலே தெரியும் பொருள் மெழுகு, உள்ளே இருப்பது பொன்.

சிலேடை என்றே எழுதிவிடலாம் என்று இங்கே இருவர் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடினால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. பாம்பைத் தள்ளிவிட்டு எள்ளை எடுத்துக்கொள் என்று புலவர் சொல்வதில்லை. இங்கே அப்படியில்லை. பொற்கொல்லர் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய பொன்னை ஊற்றுகிறார். மெழுகு இல்லாமல் பொன்னுக்கு வடிவம் கிடையாது. ஆனால் மெழுகு உருகிப் போகவே செய்யப்பட்டது. இந்த முன்பின் முறை ‘சிலேடை’யில் வராது. சங்கப் பாடல்களில் இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்து வைக்கும் ‘உள்ளுறை’ இன்னும் நெருக்கம்தான். ஆனால் அது காட்சியின் வழியாக வேலை செய்கிறது. கினே சொல்லின் வழியாக.

நன்கு அறியப்பட்ட ஓர் அம்ஹாரி ஈரடியைப் பாருங்கள். காதில் விழுவது இது: ஆதாம் விலக்கப்பட்ட கனியைத் தின்றான், அதனால் உலக மீட்பர் சிலுவையில் ஏற்றப்பட்டார். மெழுகை உருக்கினால்: உன் இதழைச் சுவைத்தேன், என் நெஞ்சு உனக்காகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘தெசக்கெலெ’ என்ற ஒரே வினைக்குச் சிலுவையில் ஏற்றப்படுதலும் தொங்குதலும் பொருள். வேதவாக்கியத்துக்குள் ஒரு முத்தத்தை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இது வெறும் அணி என்று ஒதுக்கவும் முடியாது. டொனால்ட் லெவின் என்ற சமூகவியலாளர் 1965இல் அம்ஹாரப் பண்பாட்டைப் பற்றி எழுதிய நூலுக்கு இந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். பேச்சிலும் பழகுவதிலும் நேராகச் சொல்லாமல் மூடிச் சொல்வதை அவர் அந்த மக்களின் வாழ்க்கைமுறையாகவே பார்த்தார். ஆகவே நம் சொல் கவிதைக்கும் பொருந்த வேண்டும், வாழ்க்கைப் பார்வைக்கும் பொருந்த வேண்டும். ‘அவர் சிலேடையாக வாழ்ந்தார்’ என்று எழுத முடியாதே.

சரி, என் பரிந்துரை: மெழுகுபொன். சுவாமிமலையில் இன்றும் மெழுகு வார்ப்பில்தான் சிலை செய்கிறார்கள், அதனால் இந்த உருவகத்தை நம் வாசகருக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நடுவில் ‘ப்’ வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். இரவுபகல், செடிகொடி போல இது உம்மைத்தொகை. ‘மெழுகுப்பொன்’ என்று எழுதினால் மெழுகுச்சிலை மாதிரி, மெழுகால் ஆன பொன் என்று ஆகிவிடும்.

ஒற்று இரட்டிப்பது அம்ஹாரியிலும் பெரிய விஷயம். ‘அலெ’ என்றால் சொன்னான், ‘அல்லெ’ என்றால் இருக்கிறான். ஆனால் அவர்கள் எழுத்தில் இரட்டிப்புக்குக் குறியீடு இல்லை; இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கவிஞர்களுக்கு இது பெரிய வசதி. தாளில் ஒரு சொல்லாக இருப்பது வாயில் இரண்டாகிவிடும்.

அப்புறம், இரண்டு பொருளையும் தாங்கி நிற்கும் அந்த ஒற்றைச் சொல்லை அவர்கள் ‘ஹிப்ர்’ என்கிறார்கள். மேலே சொன்ன ‘தெசக்கெலெ’ அப்படிப்பட்டது. கரும்பின் கணுவில் இரண்டு துண்டு சேர்வதை நினைத்து இதற்குக் ‘கணுச்சொல்’ என்று வைத்திருக்கிறேன். இதில் எனக்கு முழு நிறைவு இல்லை. யாப்பு தெரிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமாக ஒன்று சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.