மறு: காலிப்பர் போல்ட்டுகள் இரண்டு வகை, கையில் இருக்கும் சொல் ஒன்று

திங்கள் காலை, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

காரின் பிரேக்கை மேம்படுத்தும் தொகுப்பு ஒன்றுக்கான பொருத்துமுறைக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பெரிய வட்டு, காலிப்பரை ஏந்தும் பெரிய பிராக்கெட், புதிய போல்ட்டுகள். வட்டை இருபுறமும் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் காலிப்பர் மட்டும் பழையதுதான், ஊசிகள் மேல் நழுவும் “மிதக்கும்” வகை. பிராக்கெட்டைச் சக்கரக் கணுவோடு, அதாவது சக்கரத்தை ஏந்தும் உறுப்போடு, பிணைக்கும் தடித்த போல்ட்டுகள் இரண்டு. அவற்றை இறுக்க வேண்டிய முறுக்கம் 110 நியூட்டன் மீட்டர். காலிப்பரை நழுவும் ஊசிகளோடு பிணைக்கும் சிறியவை இரண்டு. அவற்றுக்கு 30. நான் இரண்டையுமே “காலிப்பர் மரையாணி” என்று எழுதிவிட்டேன். அட்டவணையில் ஒரே பெயர் இரண்டு வரிகளில், இரண்டு எண்களோடு நிற்கிறது. சரிபார்த்தவர் சிவப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டு சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

திங்கள் மாலை, தமிழாசிரியர்:

தம்பி, போல்ட்டுக்குப் போவதற்கு முன் காலிப்பரை என்ன செய்யப் போகிறீர்கள்? அதை அப்படியே விட்டால் பார்வைக்குப் பலர்பால் வினைமுற்றாக இருக்கிறது: களிப்பர், சலிப்பர், காலிப்பர். சிலர் கேலிப்பர் என்றும் எழுதுகிறார்கள். யாரைக் கேலி செய்வார்களோ!

வட்டை இருபுறமும் கவ்வுவது அதன் தொழில். எனவே “கவ்வி”. கவை, கவடு, கவட்டை, கவான், கவண் எல்லாம் இந்தக் “கவ்” அடியில் பிறந்தவை. கவளமும் அப்படித்தான், வாய் கவ்வும் அளவு. காலிப்பர் என்ற சொல்லே இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கலாம் என்பது என் துணிபு. கவ்வி பிடிக்காவிட்டால் “கவ்வை” என்றும் ஆக்கலாம்.

திங்கள் இரவு, பொறியாளர்:

ஐயா, கவளம் வரை வந்துவிட்டோம், போல்ட் இன்னும் கழலவில்லை.

காலிப்பர் என்பது “கேலிபர்” என்பதன் திரிபு. குழல்களின் விட்டத்தை அளக்கும் கருவிக்கு முதலில் வழங்கியது. அதற்கும் மூலம் வார்ப்பச்சைக் குறிக்கும் “காலிப்” என்ற அரபுச் சொல் என்பார்கள். பள்ளிப் பாடநூலில் வரும் வெர்னியர் அளவி இதன் உடன்பிறப்புதான். கப்பலேறியது வேறு யாரோ.

“கவ்வை” வேண்டவே வேண்டாம். “கவ்வையால் கவ்விது காமம்” என்ற குறளில் (1144) அது ஊரார் தூற்றும் அலர். கவ்வை பழுதானால் ஊர்வாயை மூடுவது யார்?

“கவ்வி” நல்ல சொல். ஆனால் பட்டறையில் பொருளை அசையாமல் பிடிக்கும் கிளாம்புக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பிராக்கெட்டைத் “தாங்கி” என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்; சக்கரத்துக்குள் பேரிங் அந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய், பணிமனைப் பயிற்றுநர்:

நான் இந்த வேலையைக் கற்பிப்பவன். என் மாணவர்கள் யாரும் “மரையாணியை எடு” என்று சொல்லிக் கேட்டதில்லை. போல்ட், நட், காலிப்பர், அவ்வளவுதான். கடிசொல் இல்லை காலத்துப் படினே என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார். நமக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

ஆனால் மொழிபெயர்ப்பாளரின் பயம் நியாயமானது. ஒரு மாணவர் அட்டவணையில் ஒரு வரி தவறிப் படித்து, சிறிய போல்ட்டுக்கு 110 வைத்தார். வைத்த எண்ணை எட்டியதும் சொடுக்கும் சாவிதான் முறுக்குமானி; அது சொடுக்குவதற்கு முன்பே தலை தனியாகக் கையில் வந்துவிட்டது, மீதி ஊசிக்குள். அதை எடுக்க அரை நாள். இது நல்ல தவறு, உடனே தெரிந்துவிட்டது. பெரியதை 30-இல் நிறுத்தியிருந்தால் அன்று ஒன்றுமே தெரியாது. இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த இழுவைதான் பிராக்கெட்டைக் கணுவோடு அழுத்துகிறது. பிரேக் போடும்போது வரும் சுமையைத் தாங்க வேண்டியது அழுத்தப்பட்ட அந்த இரு முகங்களின் உராய்வு. அது போதாவிட்டால் பிராக்கெட் நுண்ணியதாக அசையத் தொடங்கும், போல்ட் தானே கழலும்.

ஆகவே சொல் எதுவானாலும், இரண்டும் காதில் வேறுவேறாக விழ வேண்டும். காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு மேலே நிற்பவர் அட்டவணையைப் படித்துச் சொல்வார்.

செவ்வாய் இரவு, பொறியாளர்:

அப்படியானால் அசையாததற்கு “நிலையாணி”, நழுவுவதற்கு “நழுவாணி”.

புதன், பயிற்றுநர்:

நழுவாணியா? நழுவாத ஆணி என்றல்லவா கேட்கிறது? நேர் எதிர்.

புதன், தமிழாசிரியர்:

இல்லை. நழுவாத ஆணி என்றால் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நழுவா என்பதோடு ஆணி சேர்கையில் வகர உடம்படுமெய் வந்து “நழுவாவாணி” ஆகும். நழுவு என்பதோடு ஆணி சேர்ந்தால் உகரம் கெட்டு நழுவாணி, வினைத்தொகை. ஐயத்துக்கே இடமில்லை.

புதன், பயிற்றுநர்:

கிரீஸ் கையோடு இருப்பவருக்கு உடம்படுமெய் தெரிந்திருக்க வேண்டுமா, ஐயா?

புதன் மாலை, தமிழாசிரியர்:

தெரிந்திருந்தால் கெடுதல் இல்லை.

நிற்க. தேருக்கும் வண்டிக்கும் நம்மிடம் இல்லாத சொல்லா? “உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்” என்றார் வள்ளுவர். இந்தச் சிறு போல்ட்டின் பெருமை அதைவிட வேறென்ன? மாற்றிப் போடும் புதிய போல்ட்டுக்குப் புறநானூறு 102-ஐப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிவைத்த “சேம அச்சு”. உதிரியாக வரும் ஆணிக்குச் “சேமவாணி” எனலாம். மரையாணியை ஒழித்துவிடுங்கள், “மரையா மரல் கவர” என்னும் கலித்தொகையில் மரை காட்டு விலங்கு.

புதன் இரவு, பொறியாளர்:

அந்த மரை மேய்ந்துவிட்டுப் போகட்டும், ஐயா. ‘மரை கழன்றவன்’ என்று ஊரே சொல்கிறது; திருகுப் புரிக்கு மரை என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். சேமவாணி கவித்துவமாக இருக்கிறது, ஆனால் பொருள் பிழை. சேம அச்சு, பழையது முறிந்தால் போடுவதற்கு. இந்தப் போல்ட்டுகளோ பழையவை முறியாவிட்டாலும் மாற்ற வேண்டியவை. தொழிற்சாலையிலேயே புரியில் பூசிய பூட்டுப்பசை ஒருமுறை கழற்றியதும் பொடியாகிவிடும். இழுவை எல்லைவரை நீட்டி இறுக்கும் வகை என்றால் மறுபடி பயன்படுத்தவே கூடாது. தவிர, மேம்பாட்டில் பிராக்கெட்டின் தடிமன் மாறினால் போல்ட்டின் நீளமும் மாறும்.

புதன் இரவு, பயிற்றுநர்:

நீளம் என்றதும் ஒன்று. ஊடுருவாத துளையில் போல்ட் நீளமாக இருந்தால் அடியில் முட்டிக்கொண்டு, முறுக்குமானி சரியான எண்ணில் சொடுக்கும். ஆனால் பிராக்கெட் இறுகியிருக்காது. துளை மறுபக்கம் திறந்திருந்தால் முனை வட்டை உரசும். குட்டையாக இருந்தால் போதிய புரிகள் பிடிக்காது. எஃகுக் கணுவில் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவாவது உள்ளே போக வேண்டும், அலுமினியத்தில் ஒன்றரை மடங்கு. தலையில் 10.9 என்று பொறித்திருந்தால் அந்த இடத்தில் 8.8 போடக் கூடாது. முன்னது 1000 மெகாபாஸ்கல் இழுவலிமை வகுப்பு, பின்னது 800. கையேட்டில் இதெல்லாம் விளங்கும்படி இருந்தால் போதும், பெயர் கவ்வியோ குவ்வியோ.

என் பங்குக்கு ஒன்று: பிராக்கெட்டைப் பிடிப்பது “பிடியாணி”.

வியாழன் காலை, பொறியாளர்:

ஒரு கொம்பு மாறி அச்சானால் “பிடியாணை”. காரை ஜாமீனில்தான் எடுக்க வேண்டும்.

வியாழன் இரவு, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை கொடுக்க வேண்டும் என்பதால் இப்படி முடித்துக்கொள்கிறேன். காலிப்பர் காலிப்பராகவே இருக்கும். பிராக்கெட்டும் அப்படியே. பெரியது “நிலை போல்ட்”, சிறியது “நழுவுமுளை போல்ட்”. முளை என்றால் அடித்து நிறுத்தும் கட்டை என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஊசிக்கு அது பொருந்துகிறது. நழுவாணியின் குழப்பமும் இல்லை. உரக்கப் படித்துப் பார்த்தேன், ஒன்றை மற்றொன்றாகக் கேட்க வழியில்லை. மரையாணியைச் சொற்பட்டியலில் போல்ட்டுக்கு இணையாக ஒருமுறை காட்டிவிடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் “ஏதாவது ஒன்றைப் போடுங்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஆதரவாக எடுத்துக்கொண்டேன்.

வியாழன் நள்ளிரவு, தமிழாசிரியர்:

நிலை போல்ட் என்பதில் பாதி தமிழ், பாதி இரவல். முளை அடித்தால் நகராது. நழுவும் முளை எங்கே உண்டு? நழுவாணியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்பதையும், “கவ்வி”யை நான் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டவணைக்குக் கீழே உள்ள எச்சரிக்கைக் குறிப்பைப் பார்த்தீர்களா, தம்பி? நீங்கள் அனுப்பிய வரைவில் அங்கே இன்னும் “காலிப்பர் மரையாணி” என்றே இருக்கிறது.