அலுவலக எடைக்குறைப்புப் போட்டிக்கு விதிமுறை எழுத உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் 14 பேர் சேர்ந்து 12 வாரத்துக்கு எடைக்குறைப்புப் போட்டி வைக்கப்போகிறோம். விதிமுறை எழுதும் பொறுப்பு என்னிடம். போன முறை தோழி ஒருவர் கடைசி எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தார். அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கிலோ கணக்கு நியாயமாக இல்லை. 3 கிலோ குறைந்தால் 100 கிலோ இருப்பவருக்கு அது 3 சதவீதம், 60 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம். அதனால் சதவீதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதிலும் பட்டினி கிடப்பவர்தானே முந்துவார்? முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி உடம்பிலுள்ள நீர்தான், கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. வாரத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரைதான் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் குறைந்தால் புள்ளி கிடையாது என்று வைக்கலாமா?

அல்லது எடையையே விட்டுவிட்டு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை எட்டுபவர்களுக்குப் புள்ளி கொடுக்கலாம். என் மனசு இதில்தான் நிற்கிறது. நிமிடக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் இருவரும் சேர ஆசைப்படுகிறார்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவரவர் எடை மற்றவர்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் வழி வேண்டும்.

இப்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் உங்கள் விதிமுறைகளைப் பகிருங்களேன். திங்கட்கிழமை தொடங்குகிறோம்.