காலையில் மட்டும் அடம் பிடிக்கும் பழைய கார்

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறேன். 1997 மாடல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி, அப்பா வாங்கியது. மழை தொடங்கியதிலிருந்து காலையில் எட்டுப் பத்துத் தடவை செல்ஃப் அடித்தால்தான் உயிர் வருகிறது. ஒருமுறை ஓடிவிட்டால் மார்த்தாண்டம் போய் வரும்வரை தொந்தரவே இல்லை. பிளக் எல்லாம் புதுசு. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: அவசரப்படாதீங்க அண்ணா. முதலில் பேட்டரியின் வோல்ட்டை அளந்து பாருங்கள். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

இன்னொரு பதில்: மக்கா, செல்ஃப் வேகமாகச் சுற்றுதா? அப்படியானால் பேட்டரியை விடு. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, யாரையாவது சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் இழுப்பான்) இழுக்கச் சொல். கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு முழுசாக மூட வேண்டும். என் வண்டியில் சோக் கேபிள் தளர்ந்து தகடு பாதியில் நின்றது. மூன்று மாதம் பிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது சரியாக இருந்தால், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இருக்கா பார். நம்ம ஊர் மழைக்கு ரப்பர் ஷீட்டே காயாது.

கேட்டவர்: பாதிதான் மூடுகிறது! விரலால் தள்ளி மூடிவிட்டு அடித்தேன், இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டது. கேபிள் உறைக்குள் ஒரே துரு.

பதில்: பழைய கேபிளைக் கையோடு கடைக்குக் கொண்டுபோ, நீளம் பார்த்து வாங்கலாம். அப்புறம், எஞ்சின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ள மறக்காதே, பெட்ரோலைக் குடித்துவிடும்.